வட்டின் கணக்கேட்டை மாற்றும் கிரமம்

புகைப்படம் எது, கடிதம் எது, சங்கீதம் எது என்ற பேதம் ஹார்ட் டிஸ்க்குக்குத் தெரியாது. 512 பைட் அளவிலோ 4,096 பைட் அளவிலோ வகுக்கப்பட்டு, வரிசையாக எண்ணிடப்பட்ட செக்டார்கள் கோடிக்கணக்கில் அதனுள் கிடக்கின்றன. இந்த எண்ணுள்ள செக்டாரைப் படி, அந்த எண்ணுள்ள செக்டாரில் இதை எழுது என்னும் இரண்டு ஆணைகளுக்கு அப்பால் அதன் ஞானம் அதிகம் செல்வதில்லை. எந்தெந்தச் செக்டார்கள் சேர்ந்து ஒரு கோப்பாகின்றன, அக்கோப்பின் பெயர் யாது, அளவு எவ்வளவு, என்றைக்குத் திருத்தப்பட்டது, இன்னும் காலியாகக் கிடக்கும் இடங்கள் எவை என்ற விவரங்களையெல்லாம் ஒரு நியதிப்படி குறித்துவைக்கும் ஏற்பாட்டையே கோப்பு முறைமை என்கிறோம்.

கிராமத்தின் நிலக்கணக்கை எழுதிவந்த கர்ணத்தின் ஏட்டை அறிந்தவர்களுக்கு இதை விளக்குவது எளிது. நிலம் நிலமாகவே கிடக்கிறது. எந்தச் சர்வே எண்ணில் எத்தனை ஏக்கர், அது யார் பேரில் இருக்கிறது, எது புறம்போக்கு என்பதையெல்லாம் சொல்வது கர்ணத்தின் ஏடு. அந்த ஏடு தீக்கிரையானால் வயல்கள் எங்கும் ஓடிவிடுவதில்லை. ஆனால் எந்த வயல் யாருடையது என்று சொல்வதற்கு ஆதாரம் இல்லாமற் போகிறது. வட்டிலும் நிலைமை இதுவேதான், ஒரு விசேஷத்தைத் தவிர: இங்கே கணக்கேடும் அந்த நிலத்தின் மேலேயே எழுதப்பட்டிருக்கிறது. ஆகையால் ஒரு கோப்பு முறைமையிலிருந்து இன்னொன்றுக்கு வட்டை மாற்றுவது என்றால், பயிர் நிற்கும் வயல்களுக்குச் சேதம் வராமல், அந்த வயல்களுக்கு நடுவிலேயே பழைய ஏட்டை நீக்கிப் புதிய ஏட்டை வைக்கவேண்டியிருக்கிறது. பழைய ஏடு செல்லாததாகிப் புதிய ஏடு இன்னும் செல்லுபடியாகாத இடைவேளை ஒன்று இதில் நேர்ந்தே தீரும். அந்த இடைவேளையை எவ்வளவு குறுக்க முடியும், அதற்குள் மின்சாரம் நின்றுபோனால் திரும்பிச் செல்ல வழி உண்டா என்ற இரண்டு கேள்விகளுக்குள் இந்த வித்தையின் பத்திரம் முழுவதும் அடங்கியிருக்கிறது.

இத்தனை சிரமப்பட்டு ஒருவர் ஏன் மாற்றவேண்டும் என்று கேட்கலாம். மைக்ரோசாஃப்ட் நிறுவனத்தில் மார்க் மெக்டொனால்ட் என்பவர் 1977-இல் வகுத்த ஃபேட் என்னும் முறைமையின் சந்ததியாகிய ஃபேட்32, 1996-இல் விண்டோஸ் 95-இன் பிற்காலப் பதிப்பு ஒன்றில் வெளிவந்தது. இன்றும் பென் டிரைவ்களிலும் மெமரி கார்டுகளிலும் அது வழங்கிவருகிறது. அதில் ஒவ்வொரு கோப்புக்கும் உரிய அடிப்படைப் பதிவு 32 பைட் கொண்டது. அந்த 32-இல் பெயருக்கு 11 பைட் போக, தேதிக்கும் நேரத்துக்கும் முதல் துண்டின் இடத்துக்கும் சில பைட்களை ஒதுக்கிய பின், கோப்பின் அளவைக் குறிப்பதற்கு நான்கே பைட்கள் விடப்பட்டன. நான்கு பைட்டில் எழுதக்கூடிய மிகப் பெரிய எண் 4,294,967,295 ஆகும்; ஆகவே வட்டில் ஐந்நூறு ஜிபி காலியாகக் கிடந்தபோதிலும், நான்கு ஜிபியைத் தொடும் ஒரு கலியாண வீடியோவை அதில் வைக்க இயலாமல் மனிதர்கள் திகைக்கிறார்கள். போதாக்குறைக்கு, எழுதிக்கொண்டிருக்கும்போதே மின்சாரம் நின்றால் எந்த வேலை பாதியில் நின்றது என்று பின்னர் அறிந்து சீர்செய்வதற்கான நாட்குறிப்பு ஏதும் ஃபேட் முறைமையில் கிடையாது. 1993-இல் விண்டோஸ் என்டி 3.1-உடன் வந்த என்டிஎஃப்எஸ்ஸில் இந்த இரண்டு குறைகளும் இல்லை.

ஃபேட் வட்டை, உள்ளிருக்கும் கோப்புகளை அகற்றாமலே, என்டிஎஃப்எஸ்ஸாக மாற்றுவதற்கு விண்டோஸில் கன்வர்ட் என்ற கட்டளை இருக்கிறது. அது வேலை செய்யும் கிரமம் நம்முடைய கவனத்துக்கு உரியது. முதலில் அது வட்டின் பழைய கணக்கில் முரண்பாடு ஏதேனும் உண்டா என்று பரீட்சிக்கிறது. உண்டானால் மேற்கொண்டு ஓரடியும் எடுத்துவைப்பதில்லை. அடுத்தபடியாக, புதிய ஏட்டை எழுதுவதற்குப் போதுமான காலியிடம் இருக்கிறதா என்று கணக்கிடுகிறது. இருந்தால், பழைய அட்டவணையில் ஒரு வரியையும் அழிக்காமல், காலியான இடங்களிலேயே என்டிஎஃப்எஸ்ஸுக்கு வேண்டிய பதிவுகள் அனைத்தையும் எழுதுகிறது. கோப்புகளின் உள்ளடக்கம் இருந்த இடத்திலேயே இருக்க, அதைச் சுட்டும் குறிப்புகள் மாத்திரம் புதிதாகப் பிறக்கின்றன. இந்த நிலையில் ஒரே நிலத்துக்கு இரண்டு ஏடுகள் இருந்தபோதிலும், வட்டின் தலைப்பிலுள்ள துவக்க செக்டார் இன்னும் ஃபேட் என்றே சொல்லிக்கொண்டிருப்பதால், செல்லுபடியாவது பழைய ஏடு ஒன்றுதான். புதிய ஏடு பூர்த்தியான பிறகே, கடைசிக் காரியமாக, அந்தத் துவக்கப் பதிவு மாற்றி எழுதப்படுகிறது. அதுவரையில் எந்தக் கணத்தில் மின்சாரம் நின்றாலும் வட்டு பழையபடி ஃபேட் வட்டாகவே எழுந்திருக்கும்.

மணிக்கணக்கில் நடக்கும் ஒரு வேலையின் அபாயம் இவ்வாறு கடைசியில் வரும் ஒரு சிறு எழுத்தில் குவிக்கப்பட்டுவிடுகிறது என்பதே இந்த ஏற்பாட்டின் அழகு. ஆயினும் அந்த ஒரு சிறு எழுத்து உண்மையாகவே கடைசியில்தான் நிகழ்கிறதா என்பதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. வட்டுகள் வேகத்தின் பொருட்டுத் தம்முள் ஒரு தற்காலிக நினைவகத்தை வைத்துக்கொண்டு, தகவல் அங்கே வந்து சேர்ந்தவுடனேயே எழுதியாகிவிட்டது என்று பதில் சொல்லிவிடும் சுபாவம் உடையவை. பின்னர் தமக்குச் சௌகரியமான வரிசையில் அதைத் தட்டில் பதிக்கின்றன. இதைத் தடுப்பதற்காகவே, நினைவகத்தில் உள்ளதையெல்லாம் தட்டில் பதித்துவிட்டு வா என்ற ஆணையை முக்கியமான கட்டங்களில் மென்பொருள் வட்டுக்கு அனுப்புகிறது. அந்த ஆணையைச் சரிவர நிறைவேற்றாத மலிவான யூஎஸ்பி பெட்டி ஒன்று நடுவே இருந்துவிட்டால், முன்பின் என்ற வரிசையே குலைந்து, இத்தனை முன்யோசனையும் வீணாகக்கூடும். யூபிஎஸ் இல்லாத மேசைக் கணினியிலோ, சார்ஜர் சொருகாத மடிக்கணினியிலோ இந்த வேலையைத் தொடங்கலாகாது என்று அனுபவஸ்தர்கள் வற்புறுத்துவதற்கு இதுவே காரணம்.

கன்வர்ட் கட்டளையில் ஒரு பெருங்குறை, அது ஒருவழிப் பாதை என்பது. என்டிஎஃப்எஸ்ஸிலிருந்து ஃபேட்டுக்குத் திரும்ப அதில் வழியில்லை. இத்தகைய குறையை லினக்ஸ் உலகத்தில் தோன்றிய ஒரு கருவி மிகச் சாதுரியமாகத் தீர்த்தது. ஆரக்கிள் நிறுவனத்தில் இருந்த கிறிஸ் மேசன் 2007-இல் தொடங்கிய பிடிஆர்எஃப்எஸ் என்னும் முறைமை, ஏற்கனவே எழுதிய இடத்தின் மேல் திருப்பி எழுதாமல், மாற்றம் ஒவ்வொன்றையும் வேறொரு காலியிடத்தில் எழுதும் கொள்கையை உடையது. லினக்ஸில் வழங்கும் எக்ஸ்ட்4 என்ற முறைமையிலுள்ள வட்டை அதற்கு மாற்றும் கருவி, பழைய எக்ஸ்ட்4-ஐ முழுவதும், அதன் கணக்கேடு உட்பட, புதிய முறைமைக்குள் ஒரே ஒரு பெரிய கோப்பாகப் பாவித்து வைத்துவிடுகிறது. உள்ளடக்கம் இருபிரதியாவதில்லை, ஒரே இடத்தை இரண்டு ஏடுகளும் சுட்டுகின்றன. ஒரு வாரம் பழகிப் பார்த்துவிட்டு, புதியது வேண்டாம் என்று தோன்றினால், அந்தக் கோப்பைக் கொண்டு மாற்றத்துக்கு முந்தைய நிலைக்கு அப்படியே திரும்பிவிடலாம். ஆனால் இடைப்பட்ட வாரத்தில் எழுதியவை அனைத்தும் போய்விடும். இடத்தை மிச்சப்படுத்தும் ஆசையில் அந்தக் கோப்பை அழித்துவிட்டாலோ, வட்டின் இடங்களை மறுபங்கீடு செய்யும் கட்டளையை ஓட்டிவிட்டாலோ திரும்பும் வழியும் அடைபட்டுவிடும்.

ஒரு வட்டில் செய்யும் இந்தக் காரியத்தைக் கோடிக்கணக்கான வட்டுகளில், சொந்தக்காரர்களுக்கு அநேகமாகத் தெரியாமலே செய்து முடித்த சம்பவம் ஒன்று சரித்திரத்தில் உண்டு. 1998-இல் அறிமுகமான எச்எஃப்எஸ் பிளஸ் முறைமையை விடுத்து, ஏபிஎஃப்எஸ் என்ற புதிய முறைமைக்குத் தன் கைபேசிகளை மாற்ற ஆப்பிள் நிறுவனம் தீர்மானித்தது. 2017 மார்ச் 27 அன்று வெளிவந்த ஐஓஎஸ் 10.3, அதை நிறுவியவர்களின் ஐஃபோன்களில் அந்த மாற்றத்தைச் செய்தது. அதற்கு முந்தைய பதிப்புகளிலேயே இதற்கான ஒத்திகை இரகசியமாக நடந்திருந்தது என்பதை அந்நிறுவனத்தின் மென்பொருள் தலைவர் கிரெய்க் ஃபெடரிகி அந்த ஆண்டு ஜூனில் பகிரங்கமாகச் சொன்னார். முந்தைய புதுப்பிப்புகளை நிறுவும்போதே, கைபேசியின் காலியிடத்தில் ஏபிஎஃப்எஸ் ஏடு முழுவதும் எழுதப்பட்டு, அது பழைய ஏட்டோடு ஒத்திருக்கிறதா என்று சோதிக்கப்பட்டு, முடிவு நிறுவனத்துக்குத் தெரிவிக்கப்பட்ட பின், எழுதிய யாவும் கலைக்கப்பட்டன. தலைப்பை மாற்றும் அந்தக் கடைசி எழுத்து மாத்திரம் நிகழவில்லை. பழையதைத் தொடாமல் புதியதை எழுதும் கிரமம் விபத்துக்குக் காப்பாக அமைவதோடு, விபத்தே இல்லாத ஒரு முழுப் பரீட்சைக்கும் இடமளிக்கிறது என்பதை இதிலிருந்து அறிகிறோம்.

இத்தனை எச்சரிக்கைக்கும் தப்பிய ஒரு சிக்கல் ஆப்பிளின் அந்த மாற்றத்தில் எழுந்தது. அது நம்முடைய எழுத்தையும் தொடுவதால் சற்று நின்று பார்ப்பது தகும். 'கோ' என்ற எழுத்தை யூனிகோடில் இருவிதமாக எழுதலாம். ககரத்தோடு ஓகாரக் குறியை ஒரே குறியீடாகச் சேர்த்தால் இரண்டு குறியீடுகள். ஏகாரக் கொம்பையும் காலையும் தனித்தனியே சேர்த்தால் மூன்று குறியீடுகள். திரையில் இரண்டுக்கும் அணுவளவும் வித்தியாசம் தெரியாது. ஆனால் யூடிஎஃப்-8 முறையில் முன்னது 6 பைட், பின்னது 9 பைட். எச்எஃப்எஸ் பிளஸ், கோப்புப் பெயர்களை எந்த வடிவில் கொடுத்தாலும் பிரித்தெழுதிய வடிவுக்கே மாற்றி வைத்துக்கொண்டது. ஆகவே எப்படித் தேடினாலும் கோப்பு கிடைத்தது. ஐஓஎஸ் 10.3-இல் வந்த ஏபிஎஃப்எஸ்ஸோ கொடுத்த பைட்களை அப்படியே பெயராகக் கொண்டது. மாற்றத்துக்குப் பின், பிரித்தெழுதிய பெயரில் இருந்த கோப்பைச் சேர்த்தெழுதிய பெயரால் ஒரு செயலி நேரடியாகத் தேடினால், அப்படி ஒரு கோப்பே இல்லை என்று பதில் வரக்கூடியதாயிற்று. பிரெஞ்சு, கொரியன் போன்ற பல மொழிகளுக்கும் பொதுவான இந்தச் சங்கடத்தைப் பிற்பாடு வந்த பதிப்புகளில், இரு வடிவங்களையும் ஒரே பெயராகக் கொள்ளும்படி செய்து ஆப்பிள் தீர்த்துவைத்தது. கோப்பின் உள்ளடக்கம் ஒரு பைட்டும் கெடாமல் வந்து சேர்ந்தபோதிலும் பெயர் கெடலாம் என்பது இதில் கிடைக்கும் பாடம்.

இதுவரை கூறியவை, இருந்த இடத்திலேயே மாற்றும் கருவி வாய்த்த முறைமைகளைப் பற்றியவை. சாமானியர்களுக்கு அடிக்கடி நேரும் தேவையோ வேறு. விண்டோஸை விட்டு லினக்ஸுக்கு வரும் ஒருவர், என்டிஎஃப்எஸ்ஸில் உள்ள தம் வட்டை எக்ஸ்ட்4-ஆக்க விரும்புகிறார். அதற்கு நம்பகமான நேரடிக் கருவி கிடையாது. எல்லாவற்றையும் வேறொரு வட்டுக்கு நகலெடுத்து, முதல் வட்டை ஃபார்மட் செய்து, மறுபடியும் திருப்பி நகலெடுப்பது ஒன்றே மார்க்கம். இது மிக எளிதாகத் தோன்றுவதாலேயே இதில் அசிரத்தை நுழைகிறது.

முதற்கண், வட்டின் ஆரோக்கியத்தை அறிந்துகொள்ளவேண்டும். இக்கால வட்டுகள் ஸ்மார்ட் என்ற பெயரில் தம் நோய்களைத் தாமே குறித்துவைக்கின்றன. படிக்க முடியாமல் காத்திருக்கும் செக்டார்கள் என்ற வரியில் பூஜ்யத்தைத் தவிர வேறு எண் காணப்பட்டால், முறைமை மாற்றும் எண்ணத்தை அப்புறம் வைத்துவிட்டு, உள்ளதை முதலில் நகலெடுத்துக் காப்பதே உசிதம். அடுத்து காலத்தைக் கணக்கிடவேண்டும். ஒரு வினாடிக்கு 150 எம்பி வீதம் படிக்கும் 4 டிபி வட்டை ஒருமுறை முழுதாகப் படிக்கவே ஏறத்தாழ ஏழரை மணி நேரம் ஆகும். போக, வர, சரிபார்க்க என்று அதைப் பல மடங்காக்கிக்கொள்ளவேண்டும். நாளைக் காலையில் வட்டு வேண்டும் என்ற நிர்ப்பந்தம் உள்ளவர் இன்றிரவு இதைத் தொடங்குவது விவேகமாகாது.

நகலெடுத்தபின் பிழைச்செய்தி வராததையே நகல் சரியென்பதற்குச் சாட்சியாகக் கொள்ளக்கூடாது. எஸ்எச்ஏ-256 என்ற கணித முறை, எவ்வளவு பெரிய கோப்பிலிருந்தும் 64 எழுத்து நீளமுள்ள ஒரு முத்திரையைக் கணித்துத் தருகிறது. கோப்பில் ஒரு பிட் மாறினாலும் முத்திரை அடையாளம் தெரியாமல் மாறிவிடும். மூலத்திலுள்ள கோப்புகளுக்கெல்லாம் முத்திரைப் பட்டியல் ஒன்று எடுத்துக்கொண்டு, அதே பட்டியலால் நகலைப் பரீட்சிப்பதே முறையான சாட்சியம். இதிலும் ஒரு நுட்பம் உண்டு. நகலெடுத்த கையோடு பரீட்சித்தால், சற்றுமுன் எழுதிய தகவல் கணினியின் ரேமிலேயே தங்கியிருப்பதால், வட்டைப் படிக்காமல் ரேமைப் படித்துவிட்டுக் கணினி திருப்தி அடையக்கூடும். வட்டை முறைப்படி விடுவித்து, வயரைக் கழற்றி, மீண்டும் சொருகிய பின் பரீட்சித்தால்தான் தட்டில் பதிந்திருப்பது எதுவென்று தெரியும்.

பெயர்களின் விஷயம் இங்கும் வந்து குறுக்கிடுகிறது. என்டிஎஃப்எஸ் ஒரு பெயருக்கு 255 குறியீடுகள் வரை அனுமதிக்க, எக்ஸ்ட்4 அனுமதிப்பதோ 255 பைட். ஆங்கில எழுத்துக்கு ஒரு பைட் போதுமாதலால் ஆங்கிலேயருக்கு இரண்டும் ஒன்றே. தமிழிலோ ஒவ்வொரு குறியீட்டுக்கும் மூன்று பைட் செலவாகிறது. மதுரை என்ற மூன்றெழுத்துப் பெயர், உகரக் குறியையும் ஐகாரக் குறியையும் சேர்த்து ஐந்து குறியீடுகளாகி, 15 பைட்களை விழுங்கிவிடுகிறது. ஆகவே எக்ஸ்ட்4-இல் ஒரு தமிழ்ப் பெயர் 85 குறியீடுகளைத் தாண்ட இயலாது. கட்டுரையின் முழுத் தலைப்பையும் ஆசிரியர் பெயரையும் பத்திரிகையின் பெயரையும் சேர்த்துக் கோப்புக்குப் பெயரிடும் வழக்கமுள்ளவர்களுடைய வட்டில், பெயர் நீண்டுவிட்டது என்ற காரணத்தால் சில கோப்புகள் மாத்திரம் நகலாகாமல் நின்றுவிடும். பல்லாயிரம் கோப்புகள் ஓடும் திரையில் அந்தச் சில வரிகள் கண்ணுக்குத் தப்பிவிடும். முத்திரைப் பட்டியல் இல்லாதவருக்கு இந்த இழப்பு, மூலத்தை அழித்து வெகுநாள் சென்ற பின்னரே தெரியவரும்.

ஃபார்மட் செய்யும் கட்டத்தில் நேரும் விபரீதங்களில் பெரும்பாலானவை வட்டு மாறிப்போவதால் விளைபவை. லினக்ஸ், வட்டுகளுக்கு எஸ்டிஏ, எஸ்டிபி என்று தான் கண்ட வரிசைப்படி பெயரிடுகிறது; நேற்று எஸ்டிபியாக இருந்தது இன்று எஸ்டிசியாகத் தோன்றலாம். ஆதலால் பெயரை நம்பாமல், வட்டின் மாடலையும் சீரியல் எண்ணையும் அளவையும் ஒத்துப்பார்த்தல் வேண்டும். நகல் உள்ள வட்டின் வயரை அந்த நேரத்தில் கழற்றி வைத்துவிடுவது அதைவிடச் சிறந்த காப்பு. பழைய ஹார்ட் டிஸ்க்கில் விரைவு ஃபார்மட் புதிய ஏட்டை மாத்திரம் எழுதிவிட்டு வயல்களைத் தொடாமல் விடுவதால், தவறு நேர்ந்தாலும் மீட்புக் கருவிகளால் ஓரளவு மீட்க முடிந்தது. எஸ்எஸ்டிகளில் அந்த ஆறுதலும் இல்லை. எக்ஸ்ட்4-ஐ உண்டாக்கும் கட்டளை, இந்த இடங்கள் இனித் தேவையில்லை என்று வட்டுக்கு வழக்கமாகவே அறிவித்துவிடுவதால், உள்ளே இருந்தவை அநேகமாக அப்பொழுதே மறைந்துவிடுகின்றன.

இரண்டாவது வட்டு இல்லாதவர்கள், என்டிஎஃப்எஸ் பகுதியைச் சுருக்கி, கிடைத்த இடத்தில் எக்ஸ்ட்4 பகுதி ஒன்றை உண்டாக்கி, கோப்புகளைத் தவணை தவணையாக அதற்குள் நகர்த்துவதும் உண்டு. ஒவ்வொரு தவணையும் தனியே ஒரு சாகசம் என்பதையும், நகலே இல்லாமல் இதில் இறங்குவது சூதாட்டம் என்பதையும் சொல்லி, அம்முறையை இங்கே விட்டுவிடுகிறோம்.

வட்டை மாற்றித்தான் ஆகவேண்டுமா என்ற கேள்வியை முதலிலேயே கேட்டுக்கொள்வதும் நல்லது. 2021 அக்டோபரில் வெளிவந்த லினக்ஸ் கெர்னல் 5.15 முதற்கொண்டு, என்டிஎஃப்எஸ்ஸைப் படிக்கவும் எழுதவும் வல்ல இயக்கி கெர்னலுக்குள்ளேயே இடம்பெற்றிருக்கிறது. படங்களையும் பாடல்களையும் வைத்திருக்கும் வட்டு எப்பொழுதாவது விண்டோஸ் கணினிக்கும் போய்வருமானால், அதை எக்ஸ்ட்4-ஆக்குவதால் வரும் தொல்லையே அதிகம்.

மாற்றுவதென்று முடிவு செய்துவிட்டால், நகல்களை எண்ணும் ஒரு சிறு கணக்கை மனத்தில் வைத்துக்கொள்ளவேண்டும். மூலம் ஒன்று, நகல் ஒன்று என்று வைத்துக்கொண்டு மூலத்தை ஃபார்மட் செய்பவர், அந்தக் கணத்திலிருந்து திருப்பி நகலெடுத்து முடியும்வரை, தம் உடைமை முழுவதையும் ஒற்றை நகலின் பேரில் விட்டுவிடுகிறார். அந்தப் பத்துப் பன்னிரண்டு மணி நேரமும் அந்த வட்டு நிற்காமல் உழைக்கவேண்டியிருப்பதால், பழுதாகும் வாய்ப்பு அதிகமுள்ள வேளையும் அதுவேயாகிறது. ஆகவே ஃபார்மட் செய்யும் முன்பே, மூலத்தைத் தவிர, பரீட்சித்த நகல்கள் இரண்டு கையில் இருக்கவேண்டும். அவற்றுள் ஒன்றை, புதிய முறைமையிலுள்ள வட்டு முத்திரைப் பரீட்சையில் தேறி, அதிலிருந்து புதிய நகல் ஒன்று எடுக்கப்படும் வரையில் அழிக்கலாகாது. நல்ல கருவி வட்டுக்குள் அனுசரிக்கும் அதே கிரமத்தை வட்டுக்கு வெளியே மனிதன் அனுசரிக்கவேண்டும் என்பதற்குமேல் இதில் சொல்வதற்கு ஒன்றுமில்லை.